ஆக்சிஜன் பதினொரு சதவீதம்

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.
காலையில் நடந்த கல்யாணத்தின் மிச்சம்.
மணமக்கள் பெயர்மேலேயே
ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டிவிட்டார்கள் பையன்கள்:
'மூணு ஃபேஸ்' இசைக்குழு வழங்கும்
செவ்வாயில் ஒரு தண்ணி லாரி.
கீழே தீப்பெட்டி அளவில்
வில்லாபுரம் நண்பர்கள் பதினெட்டுப் பேர்,
எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி.

கட்டணம் முப்பது ரூபாய்.
டிக்கெட்டுக்குப் பதில் உள்ளங்கையில் ரப்பர் ஸ்டாம்ப்,
நண்டு மாதிரி இருந்தது, கிடார் என்றார்கள்.
என்னிடம் காசு வாங்கவில்லை.
நான் கப்பல்.

அண்ணா நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை எனக்கு.
"டோக்கன் நம்பர் நாற்பத்திரண்டு, ரெண்டாம் ரூம்."
ஒரு நாளைக்கு இருநூறு தடவை, ஒரே சுருதியில்,
கோபமும் கிடையாது பரிவும் கிடையாது.
அப்பாவைக் கூட்டிவந்து பெஞ்சில் காத்திருந்த தவமணிராஜன்
மூன்றாம் நாள் கேட்டான்:
"அக்கா, எங்க விண்கலத்துக்கு ஒரு குரல் வேணும்.
உங்க குரல்ல ஆளே இல்ல. அதான் வேணும்."
கோபித்துக்கொண்டிருக்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிக்கொடுத்தேன்,
போர்வை தொங்கிய மாடி அறையில்
ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க.

விளக்கணைந்ததும் சரவெடி. மண்டபத்துக்கு உள்ளேயே.
ஓடிவந்த மேனேஜர் என்ன சொன்னாரோ, விசிலில் கேட்கவில்லை.
திரை என்பது இரண்டு வேட்டி, நடுவில் தையல்.
கேப்டன் முகம் வரும்போதெல்லாம்
தையல் அவன் மூக்கு வழியாகவே போனது.
செவ்வாய் என்பது மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரி.
தூரத்தில் ஒரு ஆடு மேய்ந்தது.
"உயிர் இருக்குடா!" என்று பின்வரிசை எழுந்து ஆடியது.
கப்பல், ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ்.
அது பற்றி எரிந்தபோது
வீட்டுக்கார பிலோமினாம்மா எழுந்து நின்று
"அடப்பாவிகளா, என் டேங்க்கு" என்றார்.
அதற்குத்தான் அன்றைய பெரிய கைதட்டல்.

திரைக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து
படத்துக்கு நேராகவே வாசித்தார்கள்,
டிரம்ஸில் நன்னுசாமி, பேஸில் அசாருதீன்,
செருப்பைக் கழற்றிவிட்டு லீட் கிடாரில் தவமணி.

பிறகு நான் பேசினேன்.
"ஆக்சிஜன் பதினொரு சதவீதம்."
பருத்திப்பால் உறிஞ்சிய சத்தம்கூட நின்றது.

கப்பல் சன்னலில் ஒரு பால்வெளி.
நீலப் புகை, ஊடே வெள்ளை வேர்கள்,
இடப்பக்கம் மேலே சுண்டைக்காய் அளவில் ஒரு புள்ளி.
மெல்லச் சுழன்றது.
எனக்கு அதைத் தெரியும்.
கவரில் போட்டு, பெயர் எழுதி,
வயது அறுபத்து மூன்று என்று எழுதி
நான்தான் கொடுத்தேன்.

"அந்த நட்சத்திரத்துக்குப் போ" என்கிறான் கேப்டன்.
"பாதை குறிக்கப்பட்டது" என்கிறேன் நான்.
எந்த நட்சத்திரம் என்று
அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கவே இல்லை.

அவர் முதல் வரிசையில் இருந்தார்.
ஸ்பீக்கர் எல்லாம் அவருடையது, காத்தமுத்து சவுண்ட் சர்வீஸ்,
மகனிடமும் பாதி வாடகை வாங்கியிருந்தாராம்.
துண்டால் இருமலைப் பொத்திக்கொண்டு
பக்கத்து ஆளிடம் சொன்னார்:
"கலரு நல்லா எடுத்துருக்கான் பய."
தெரிந்து சொன்னாரா, தெரியவில்லை.

தவமணி தலை நிமிரவில்லை.
ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றான்.
ஸ்பீக்கர் ஊளையிட, ஜனம் காதைப் பொத்தியது.
பெரியவர் எழுந்து, வெளிச்சத்தின் குறுக்கே நடந்து போனார்.
அந்த நீலம் முழுக்க
ஒரு கணம் அவர் வெள்ளைச் சட்டையின் முதுகில் கிடந்தது.
குனிந்தார், எதையோ ஒரு திருகு திருகினார்,
ஊளை நின்றது.
வந்த வழியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" கேட்டார்கள்,
டேங்க் எரிகிற கட்டத்தை மட்டும்.
மூன்று தடவை எரித்தார்கள்.
நான் கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை, உள்ளங்கையில் இன்னும் நண்டு.
"டோக்கன் நம்பர் ஏழு" என்றேன்.
லேசாகப் பிசிறியது.
பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள்,
ஏழாம் நம்பரும்
நம்பரே வாங்காத ஒருவரும்.